நாடாத் தழும்பு

எங்கள் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால் அவர் அந்த நிமிஷமே குழந்தையாகிவிடுவார். ஐம்பது வயதானவர் என்றாலும் சரி, கடையில் நாலு பேரை அதட்டி வேலை வாங்குகிறவர் என்றாலும் சரி. கஞ்சி வரும், ஜன்னல் சாத்தப்படும், ஊர்ச் செய்தி எதுவும் காதில் விழாமல் பார்த்துக்கொள்வார்கள். முக்கியமாக, டாக்டரிடம் வாய் திறக்க விடமாட்டார்கள். நோயாளியைப் பேசவைத்தால் உடம்பு இன்னும் அசந்துபோகும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். யார் போட்டது என்று தெரியாது. எங்கள் ஆட்கள் தமிழ்நாட்டை விட்டுக் கொச்சி மட்டாஞ்சேரிக்கு வந்து தலைமுறைகள் ஆகிவிட்டன. வரும்போது கொண்டுவந்த பாத்திரம் பண்டமெல்லாம் போன இடம் தெரியவில்லை, இந்தச் சட்டம் மட்டும் கெட்டியாக இருக்கிறது.

டாக்டரிடம் பேசும் வேலை என் தம்பியுடையது. அப்பா படுத்திருந்த காலத்தில் அவன்தான் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்தான், அன்றிலிருந்து அது அவன் பதவியாகிவிட்டது. மிளகு வியாபாரி ஒருவரிடம் வேலை பார்க்கிறான். மலையாளம் தண்ணீர் பட்ட பாடு. சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு, பேனாவைப் பாக்கெட்டில் செருகிக்கொண்டு அவன் டாக்டர் முன்னால் உட்கார்ந்தால், யாருக்கு நோவு என்று டாக்டருக்கே சந்தேகம் வந்துவிடும்.

எனக்கு அவன் வீட்டுக்கு அடுத்த வீடு. நடுவில் ஒரே சுவர். கணவர் இறந்த பிறகு முன்னறையைத் தையல் கடையாக்கிக்கொண்டேன். ரவிக்கையும் தைப்பேன், ஆனால் கைராசி உள்பாவாடையில்தான். மட்டாஞ்சேரியில் சேலை கட்டும் பெண்களில் பாதிப் பேர் இடுப்பில் என் நாடா இருக்கிறது என்று நானே பீற்றிக்கொள்வதுண்டு.

எங்கள் சந்தில் மனிதர்களைவிட ஆடுகளுக்குச் செல்வாக்கு அதிகம். சரக்குக் கிட்டங்கிகளின் வாசலில் படுத்திருக்கும், லாரி வந்து ஹாரன் அடித்தாலும் யோசித்துத்தான் எழுந்திருக்கும். அதில் ஒரு பழுப்பு ஆடு என் கடையைத் தன் மாமியார் வீடு என்று நினைத்துக்கொண்டுவிட்டது. வெட்டின துணித் துண்டுகளை ஒரு சாக்கில் போட்டு வைப்பேன். காலையில் அதன்மேல் ஆடு படுத்துக்கொள்ளும். மத்தியானம் அதை விரட்டிவிட்டு அதே சாக்கில் நான் உட்கார்ந்து, ஊக்கில் நாடாவைக் கோர்த்துப் பாவாடைகளுக்குள் இழுத்துக்கொண்டிருப்பேன். ஆட்டின் காதோரத்தில் உண்ணி அப்பியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆட்டுக்கு உண்ணி இருக்கத்தானே செய்யும் என்று விட்டுவிட்டேன்.

மழை ஓய்ந்த சமயம் காய்ச்சல் வந்தது. முதலில் குளிர், பிறகு கண்ணுக்குப் பின்னால் ஒரு வலி. ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை. சூடு ஏறி இறங்கி மறுபடி ஏறியது. தம்பி சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்து நின்றான்.

பக்கத்தில் இருந்த சிறிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் நல்ல மனுஷர், அவசரம் மட்டும் அதிகம். கொச்சியில் காய்ச்சலுக்குப் பனி என்றுதான் பெயர். எத்தனை நாளாகப் பனி என்று கேட்டார்.

"நாலஞ்சு நாளாச்சு டாக்டரே. சாப்பாடு எறங்கலை. வேற கொழப்பம் ஒண்ணுமில்லை," என்றான் தம்பி.

காட்டுப் பக்கம், எஸ்டேட் பக்கம் எங்கேயாவது போனார்களா என்று அடுத்த கேள்வி.

"யாரு, அக்காவா? வைட்டிலா தாண்டணும்னாலே ஒரு கல்யாணம் வேணும் டாக்டரே!"

இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருப்பேன், தலை வலிக்காமல் இருந்திருந்தால்.

"உடம்பிலே எங்கேயாவது புண், கட்டி?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லை."

என் இடுப்பில், பாவாடை நாடா இறுகும் இடத்தில், ஒரு புண் இருந்தது. வலி இல்லை, அரிப்பு இல்லை. கறுத்து, நடுவில் காய்ந்துபோய் இருந்தது. சேலை கட்டுகிற பெண்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வருஷக்கணக்காக நாடா இறுக்கி இறுக்கி அந்த இடமே கறுத்து, தோல் தடித்து, வெயில் நாளில் உரிந்து, மழைக்காலத்தில் புண்ணாகிக் கிடக்கும். அதைப் பெரிய விஷயமாக நினைத்தால் தினமும் ஒரு வைத்தியம் பார்க்க வேண்டும். பாவாடை தைத்தே பிழைக்கிற எனக்கு அது நாடா உரசின தழும்பு, அவ்வளவுதான். அதை ஒரு நோயின் அடையாளம் என்று நான் கனவிலும் நினைத்திருக்க மாட்டேன். ஆனால் டாக்டர் என்னைப் பார்த்துக் கேட்டிருந்தால், "இடுப்பிலே நாடா உரசி ஒரு புண் இருக்கு" என்றாவது சொல்லியிருப்பேன். அவ்வளவு போதுமாக இருந்திருக்கும்.

ரத்தம் எடுத்தார்கள். டெங்கு இல்லை, எலிப்பனி இல்லை. படுக்கவைத்து டிரிப் ஏற்றினார்கள். காய்ச்சல் அசையவில்லை. பாட்டிலை மாற்ற வந்த நர்ஸிடம், "என்ன மருந்தும்மா ஏத்தறீங்க?" என்று கேட்டேன். சின்னப் பெண், சிரித்த முகம். "சேச்சியோட அனியன்கிட்டே எல்லாம் பறஞ்சிருக்கு," என்றாள். உங்கள் தம்பியிடம் எல்லாம் சொல்லியாயிற்று என்று அர்த்தம். குத்தின கை என்னுடையது, பதில் தம்பியுடையது.

தம்பியைக் கேட்டேன். "நீ கண்ணை மூடிட்டுப் படு அக்கா. எல்லாம் நான் பார்த்துக்கறேன்," என்றான்.

அவன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ராத்திரி பகல் என்று பாராமல் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். ஆனால் ரத்தத்தில் ஏதோ இறங்குகிறது, ஈரல் பரிசோதனை சரியில்லை, சிறுநீரகத்தையும் கவனிக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதை அவன் தன் மனைவியிடம்தான் சொன்னான். அவள் வராந்தாவில் அழுதுவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து, "அண்ணி, முகம் இன்னைக்குத் தெளிஞ்சிருக்கு," என்றாள். அவள் மூக்கு சிவந்து வீங்கியிருந்தது. நான் முப்பது வருஷமாகப் பெண்களின் அளவெடுக்கிறவள். அழுத முகம் எனக்குத் தெரியாதா? என் உடம்பில் என்ன நடக்கிறது என்று என்னைத் தவிர எல்லாருக்கும் தெரிந்திருந்தது. எனக்குச் செத்துப்போகிற பயம் வந்தது. அதைவிட, என்ன நோவு என்றே தெரியாமல் போய்விடுவேனோ என்று ஆத்திரம் வந்தது.

கடைசியில் அந்த டாக்டரே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார். ஆம்புலன்ஸில் பாலம் தாண்டினோம். அங்கே ஒரு நீள வார்டில் கட்டில் கிடைத்தது. கட்டிலுக்கு ஒரு நோயாளி, நோயாளிக்கு ஒரு துணையாள், அது கேரளத்து ஆஸ்பத்திரி வழக்கம். என் பக்கத்துக் கட்டிலில் ஒரு கிழவருக்குத் துணையாக அவர் மகள் இருந்தாள், எதிரில் ஒரு சிறுமிக்கு அவள் அம்மா. மூலையில் இன்னும் நாலைந்து பெண்கள். எல்லாரும் என்னை உச்சியிலிருந்து பாதம் வரை பார்த்துவிட்டு, என்ன நோவு என்று தம்பியிடம் விசாரித்தார்கள்.

காலையில் ஒரு இளம் பெண் டாக்டர் வந்தார். மலையாளத்தில்தான் பேசினார், நான் தமிழில் எழுதுகிறேன். முதல் கேள்விக்குத் தம்பி பதில் சொன்னான். இரண்டாவதற்கும் அவனே. அவர் என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். சிவப்பாகச் சிறு புள்ளிகள் இருந்தன, எனக்கே அப்போதுதான் தெரிந்தது. அவர் முகம் மாறியது. "உடம்பு முழுக்க ஒரு தடவை பார்க்கணும். மடிப்பு, இடுக்கு எல்லாம்," என்றார்.

தம்பி எழுந்து நின்றுவிட்டான். "அதெல்லாம் ஒண்ணுமில்லை டாக்டரே. காயமே கிடையாது. அக்காவுக்குக் கூச்சம் ஜாஸ்தி. அவங்களைக் கஷ்டப்படுத்த வேண்டாம்."

டாக்டர் தயங்கினார். சுற்றிலும் ஆண்களும் பெண்களுமாக அத்தனை கண்கள். இளம் பெண்தானே, வயதில் பெரியவன் ஒருவன் வேண்டாம் என்று சொன்னதும் பேனாவை எடுத்தார். எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிருப்பார்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு குரல் வந்தது என்று தெரியவில்லை.

"கூச்சம் எனக்கா உனக்கா? எனக்கு வாய் இருக்கு. நான் சொல்றேன். நீ வெளியே போ."

வார்டே திரும்பிப் பார்த்தது. தம்பி, "அக்கா, பேசாம..." என்று ஆரம்பித்தான்.

"பேசாமப் படுத்திருந்துதான் இந்தக் கதி. போடா வெளியே!"

அவனை 'டா' போட்டு ஊர் முன்னால் பேசி எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. அவன் பேனாவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனான். எனக்கு மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் கூப்பிடவில்லை.

பிறகு டாக்டரிடம் சொன்னேன்: "பாருங்க. தலையிலேர்ந்து கால் வரைக்கும் பாருங்க. ஆனா இத்தனை பேர் முன்னாலே அவிழ்க்க மாட்டேன். மறைப்பு வேணும்."

மறைப்புத் தட்டி வேறு வார்டில் மாட்டிக்கொண்டிருந்தது. மத்தியானத்துக்குள் வந்துவிடும் என்றாள் நர்ஸ். மத்தியானம் என்றால் சாயங்காலம் என்பது ஆஸ்பத்திரிக்குப் போன எல்லாருக்கும் தெரியும். அதுவரை என்னால் தாங்க முடியுமா என்று எனக்கே நிச்சயமில்லை. கொண்டுவந்த பையைக் காட்டி, "அதிலே என் சேலை ரெண்டு இருக்கு. யாராவது பிடிச்சுக்கிட்டு நில்லுங்களேன்," என்றேன்.

யாரைப் பார்த்துக் கேட்டேன் என்று தெரியாது. பக்கத்துக் கட்டில் மகள் எழுந்தாள். சிறுமியின் அம்மா எழுந்தாள். மூலையில் இருந்தவர்களும் வந்தார்கள். கட்டிலைச் சுற்றிச் சேலையைப் பிரித்துத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார்கள். என்ன நோவு என்று துருவித் துருவிக் கேட்ட அதே பெண்கள். ஒருத்தியும் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. நடுவில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

டாக்டர் அக்குளைப் பார்த்தார், காதுக்குப் பின்னால் பார்த்தார், மார்புக்குக் கீழே பார்த்தார். பாவாடை நாடாவைத் தளர்த்தியதும் அவர் விரல் நின்றுவிட்டது.

"இது எத்தனை நாளா இருக்கு?"

"அது ஒண்ணுமில்லை. நாடா உரசினது. நான் பாவாடை தைக்கிறவ, எனக்குத் தெரியும்."

"நாடா உரசினா இப்படிக் கருகாது சேச்சி," என்றார். தன் போனில் படம் எடுக்கட்டுமா என்று என்னிடம் கேட்டு, எடுத்து எனக்கே காட்டினார். என் இடுப்பை நான் அப்படிப் பார்த்ததில்லை. பீடி வைத்துச் சுட்ட மாதிரி ஒரு கறுப்பு வட்டம், சுற்றிலும் சிவப்பு.

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். டாக்டர் ஒருவர் என் கட்டிலில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. பூச்சி கடித்த இடம் இது என்றார். உண்ணியாக இருக்கலாம், இல்லை செள்ளு என்று கண்ணுக்கே தெரியாத அளவு சின்னதாக ஒரு பூச்சி உண்டு, அதுவாக இருக்கலாம். உடுப்பு இறுகுகிற இடத்தில்தான் வந்து நிற்கும், கடித்தது வலிக்காது. வீட்டில் நாய், மாடு உண்டா என்று கேட்டார். என்னைக் கேட்டார்.

"ஆடு உண்டு. என்னோடது இல்லை. என் சாக்கிலே படுக்கும்," என்றேன். துணிச் சாக்கின் கதையை முழுசாகச் சொன்னேன். சேலையைப் பிடித்திருந்தவர்களில் யாரோ, "எங்க வீட்டுப் பக்கமும் ஆடு உண்டு," என்றாள், முகத்தைத் திருப்பாமலே.

எந்தப் பூச்சி என்று பரிசோதனை பிறகு சொல்லும், உண்ணிக் காய்ச்சலோ செள்ளுக் காய்ச்சலோ மருந்து ஒன்றுதான், அதற்காகக் காத்திருக்க வேண்டாம், இப்போதே ஆரம்பிக்கலாம் என்றார். என்ன மாத்திரை, எதற்கு, வயிற்றைப் புரட்டினால் என்ன செய்வது எல்லாவற்றையும் சொன்னார். ஈரலும் சிறுநீரகமும் எந்த நிலைமையில் இருக்கின்றன என்று ஒளிக்காமல் சொன்னார். "பயப்படுத்தறதுக்குச் சொல்லலை. உங்க உடம்பு, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும். ஆரம்பிக்கட்டுமா?"

எனக்குப் பயம் கூடவில்லை, குறைந்தது. இது தம்பிக்கு இன்றுவரை புரியாத ஒன்று.

அந்த மாத்திரை அபூர்வமானது அல்ல. எந்தத் தெருமுனை மருந்துக்கடையிலும் கிடைக்கும். என் கடைக்கு எதிரில் இருக்கிற மருந்துக்கடை அலமாரியிலும் அது இருந்திருக்கும். ஆடு படுத்த சாக்குக்கும் அந்த அலமாரிக்கும் நடுவில் ஒரு சந்துதான். ஒரு கேள்வி என் பக்கம் திரும்பாததால் நான் பாலம் தாண்டிப் போய்ச் சாகக் கிடந்தேன்.

மறுநாள் சாயங்காலம் வியர்த்தது. அடுத்த நாள் சாயா கேட்டேன். சிறுநீரகம் மட்டும் கொஞ்சம் முரண்டு பிடித்துவிட்டுத் தேறியது. வீட்டுக்குக் கிளம்பும்போது அந்த டாக்டர், இனி எங்கே போனாலும் நீங்களே பேசுங்கள், தனியாகப் பார்க்க வேண்டும் என்றால் தயங்காமல் கேளுங்கள், மறைப்பும் கேளுங்கள், அதெல்லாம் யாரும் செய்கிற தயவு இல்லை, நோயாளியின் உரிமை என்றார். என் சேலைகளை மடித்துப் பையில் வைக்க உதவிய பக்கத்துக் கட்டில் மகள், "நல்ல துணி," என்று மட்டும் சொன்னாள். ஒன்றை அவளிடமே விட்டுவிட்டு வந்தேன்.

ஆட்டோவில் தம்பி வெகுநேரம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். தோப்பும்படி தாண்டிய பிறகு, "நான் உன்னைக் காப்பாத்தத்தானே பார்த்தேன்," என்றான்.

"தெரியும். அதனாலேதான் வெளியே போகச் சொன்னதோட விட்டேன்."

அவன் சிரிக்கவில்லை. "புண் இருக்குன்னு எங்கிட்டே சொல்லியிருக்கலாமே," என்றான்.

"இடுப்புப் புண்ணை உங்கிட்டே எப்படிடா சொல்றது?"

டாக்டரிடம் போக வேண்டியதெல்லாம் அவன் வழியாகத்தான் போக வேண்டும் என்றால், அவனிடம் சொல்லக்கூடாதது எதுவும் டாக்டரிடம் போகாது. இவ்வளவு சின்ன விஷயம் எங்கள் குடும்பத்தில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

துணிச் சாக்கு இப்போது ஆணியில் தொங்குகிறது. ஆடு வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு என்னைக் கோபத்தோடு முறைத்துவிட்டுப் போகிறது. பாவாடைகளுக்கு இப்போது நாடா போடுவதில்லை, அகலப் பட்டிதான். நாடாவே வேண்டும் என்று அடம் பிடிக்கிறவர்களுக்குப் போடுகிறேன், கூடவே இடுப்பில் கறுப்பாக ஏதாவது இருந்தால் என் மேல் பழி போடாமல் டாக்டரிடம் காட்டு என்று ஒரு பிரசங்கமும் இலவசம். சில பேர் சிரிக்கிறார்கள். கும்பளங்கியிலிருந்து வருகிற ஒருத்தி திரைக்குப் பின்னால் போய்ப் பார்த்துவிட்டே வந்தாள்.

போன மாதம் தம்பிக்கு உடம்பு சரியில்லை. சாப்பாடு குறைந்தது, சட்டை தொளதொளத்தது. கேட்டால் ஒன்றுமில்லை என்றான். நான்தான் வற்புறுத்திக் கலூரில் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனேன். வழியெல்லாம் மனசுக்குள் ஒத்திகை பார்த்தேன்: இத்தனை நாளாகச் சாப்பிடுவதில்லை, ராத்திரி நடமாட்டம் சுவர் வழியாகக் கேட்கிறது, இளைத்துவிட்டான், அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கி வைத்திருந்தேன்.

"என்ன விஷயம்?" என்றார் டாக்டர். நான் நாற்காலி நுனிக்கு நகர்ந்து வாயைத் திறந்தேன்.

தம்பி என் பக்கம் திரும்பினான். குரலை உயர்த்தவில்லை.

"அக்கா, நீ கொஞ்சம் வெளியே இரேன்."

சுருக்கென்றது. தூக்கி வளர்த்தவள் நான். அவன் உடம்பில் எனக்குத் தெரியாதது என்ன இருக்கிறது? கேட்டுவிடலாம் என்று வாய் வரை வந்தது. டாக்டர் என்னைப் பார்த்தார், தம்பி மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் காது சிவந்திருந்தது. எழுந்து வந்து கதவைச் சாத்தினேன்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். கதவு மெல்லிய பலகைதான், காதைக் கொடுத்தால் கேட்டிருக்கும். உள்ளே அவன் குரல் ஆரம்பித்தது. நிறுத்தி நிறுத்தி, அவன் வழக்கமாகப் பேசுகிற வேகம் இல்லாமல், வெகுநேரம் பேசினான். நான் எழுந்து வராந்தாவின் மறுகோடிக்குப் போய் நின்றுகொண்டேன்.

மருந்து சாப்பிடுகிறான். சட்டை மறுபடி பொருந்த ஆரம்பித்திருக்கிறது. உள்ளே என்ன சொன்னான் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தினமும் கேட்க வேண்டும் என்று இருக்கிறது, கேட்கவில்லை.